நோய்நிலை உரைத்தல்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து ஈற்றுக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நாற்கூறாக்குகிறது. உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு இயல்புகளை வகுத்தார். நோயாளிக்கு உரியவை பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. வாக்படர் வடமொழியில் இயற்றிய அஷ்டாங்க இருதயத்திலும் இந்நான்கே உள. பொருளை முதலில் வைத்த உலகியலறிவு ஒருபுறமிருக்க, இங்குக் கருதற்பாலது மூன்றாவது இயல்பே.

அந்நூல்கள் ஒரு நோயாளிக்கு ஒரு மருத்துவன் என்றே கொண்டன. இன்றைய நிலை வேறு. பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே கீழ்க்கரையில் உள்ளது ஜெலுத்தோங். அங்கு வாழும் ஒருவர்க்குப் புற்றுநோய் கண்டால் அரசினர் பொது மருத்துவமனை உண்டு. 1976 முதல் புற்றுநோய்க்கென்றே இயங்கும் மவுண்ட் மிரியம் மருத்துவமனையும் உண்டு. சித்த வைத்தியரும் சீனச் சின்சேயும் உளர்.

கதிர்ச் சிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்தபின் மருத்துவமனைக்குச் செல்வது சில திங்களுக்கு ஒருமுறை என்றாகும். சோர்வும், உறக்கமின்மையும், நோய் மீளுமோ என்னும் அச்சமும் அவ்வாறு குறைவதில்லை. நாடி பிடித்து, உணவும் உறக்கமும் வினவி, பொறுமையுடன் கேட்கும் வைத்தியரிடம் நோயாளி மனந்திறப்பது இயல்பே. அவ்வுறவின் வலிமை மருந்தில் மட்டும் இல்லை.

ஆனால் வைத்தியரிடம் சொன்னது மருத்துவமனைக்கு எட்டுவதில்லை. அமெரிக்காவில் ஐசன்பெர்க் குழுவினர் 1990-இல் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை இதனைக் காட்டிற்று. பிற மருத்துவ முறைகளை நாடியோரில் 100-க்கு 72 பேர் தம் மருத்துவரிடம் அதனைக் கூறவில்லை. கடிந்துகொள்வார் என்னும் அச்சம் ஒரு காரணம்; அவர் கேளாமையும் ஒரு காரணம்.

இதனால் விளைவது யாது? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் பலர் தமாக்சிபென் என்னும் மருந்தை ஐந்தாண்டும் அதற்கு மேலும் உண்பர். உடலில் அது எண்டாக்சிபென் என மாறியே பெரிதும் தொழிற்படுகிறது. மஞ்சட் சத்தை மிகுதியாக உடன் உண்டபோது இரத்தத்தில் எண்டாக்சிபென் அளவு குறைந்ததையும், மிளகுச் சத்தும் சேர்ந்தபோது மேலும் குறைந்ததையும் நெதர்லாந்தில் 2019-இல் வெளிவந்த ஒரு சிற்றாய்வு கண்டது. இது மாத்திரையாக உண்ணும் அளவைப் பற்றியது. குழம்பிலிடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டா. எனினும் திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் உள என்பதை மருத்துவமனை மருத்துவர் அறிந்திருப்பார் எனக் கொள்வதற்கில்லை.

மலேசிய அரசு இவ்விரு துறையையும் இணைக்க முயன்றதுண்டு. 2007-இல் செபராங் பிறையிலுள்ள கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இதுவே முதலாவது. புற்றுநோயாளர்க்கு மூலிகைச் சிகிச்சை அங்குத் துணை மருத்துவமாகவே வைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி உள்ளிட்ட மரபு முறைகளைப் பயில்வோர்க்குப் பதிவை வகுத்தது. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. ஆயினும் பதிவும் தடையும் வைத்தியரைப் பற்றியன. ஜெலுத்தோங் நோயாளி தம் வைத்தியரிடமிருந்து பொது மருத்துவமனைக்குச் செல்லும்போது, அங்கு உண்ட சூரணம் இன்னதென உரைக்க வல்லார் பெரும்பாலும் அவர் ஒருவரே.