அரண்டவனும் இருண்டதும்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழிக்கு இரண்டு பாதிகள். ஒன்றில் இருட்டு இருக்கிறது. மற்றதில், ஏற்கெனவே எதற்கோ அரண்டுபோன ஒரு மனிதர் இருக்கிறார். சொந்தக் காசைப் போட்டுப் பேய்க் குறும்படம் எடுப்பவர்களில் பலர் இருட்டோடு நின்றுவிடுகிறார்கள். மனக்காயத்தைப் பற்றிப் படமெடுக்க வேண்டுமென்றால் அந்த மனிதரிடம் போயே ஆக வேண்டும். ஸ்வீடனின் டேவிட் சான்ட்பெர்க் 2013-இல் எடுத்த ‘லைட்ஸ் அவுட்’, ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் கென்ட் 2005-இல் எடுத்த ‘மான்ஸ்டர்’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

‘லைட்ஸ் அவுட்’ மூன்று நிமிடம்கூட ஓடாது. தாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டிலேயே எடுத்தார்கள். நடித்தவர் சான்ட்பெர்க்கின் மனைவி லோட்டா லோஸ்டன். படுக்கப் போகும் பெண் ஒருத்தி விளக்கை அணைக்கிறாள். நடையின் கோடியில் யாரோ நிற்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் யாருமில்லை. அணைத்தால் நிற்கிறது. போடுகிறாள், அணைக்கிறாள், போடுகிறாள். ஒருமுறை அணைத்தபோது அது அவளுக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. பதறிப்போனவள் விளக்கு அணையவே கூடாதென்று சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டுகிறாள். பேயை எதிர்க்க அவள் கையில் கிடைத்தது ஒரு துண்டு டேப்! இருட்டுக்குப் பயந்த எவருக்கும் அந்தக் கை நடுக்கம் புரியும்.

தந்திரம் எளிது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, உருவத்தோடு ஒரு தடவை, உருவமில்லாமல் ஒரு தடவை எடுத்து, இரண்டையும் ஒரே சட்டகத்தில் பொருத்தியிருக்கிறார்கள். காசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அந்தப் பெண் யார், எதை இழந்தவள், ஏன் தனியாக இருக்கிறாள் என்று படம் சொல்வதில்லை. மூன்று நிமிடத்தில் அது குறையுமல்ல.

‘மான்ஸ்டர்’ பத்து நிமிடம், கறுப்பு வெள்ளை. கென்ட் நடிகையாக இருந்தவர். லார்ஸ் வான் ட்ரையரின் ‘டாக்வில்’ படப்பிடிப்பில் உடனிருந்து இயக்கம் கற்றவர். அவருடைய தோழியின் சிறு மகன் வீட்டில் எங்கு பார்த்தாலும் ஒரு பூதம் தெரிவதாகச் சொல்லி நடுங்கிக்கொண்டிருந்தானாம். அது நிஜமாகவே இருந்தால் என்ற கேள்வியில் கதை பிறந்தது. ஒரு தாய், ஒரு மகன், மகனை மிரட்டும் ஒரு பொம்மை. வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் சலித்துப்போன அந்தத் தாயின் முகத்தைத்தான் கேமரா விடாமல் பார்க்கிறது. கடைசியில் பூதம் நேரே வந்து நிற்கும்போது, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையை அதட்டுவதுபோல் அதையும் அதட்டுகிறாள். பயமும் ஆத்திரமும் ஒரே தொண்டையிலிருந்து வரும் அந்தக் கணத்தில், பூதம் வெளியிலிருந்து வந்ததல்ல என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டும் முழுநீளப் படங்களாக வளர்ந்தபோதுதான் வித்தியாசம் நன்றாக வெளிப்பட்டது. ‘லைட்ஸ் அவுட்’ 2016-இல் ஹாலிவுட்டுக்குப் போனது. ஜேம்ஸ் வான் தயாரிப்பில், சுமார் 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. குறும்படத்தில் இல்லாத காயத்தை அங்கே புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மனச்சோர்வு நோயுள்ள ஒரு தாய். அவள் மனத்தைப் பற்றிக்கொண்டு வாழும் டயானா என்ற பேய். பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள், பேயும் மறைகிறது. நோயாளி இறந்தால் வீடு நிம்மதியாகும் என்று இது சொல்வதாகப் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். பேயை முதலில் செய்துவிட்டுக் காயத்தைப் பின்னால் தைத்தால், பேயை ஒழிப்பதே கதையின் ஒரே வேலையாகிவிடுகிறது. காயப்பட்டவர் அதற்கு விலையாகிவிடுகிறார்.

கென்ட்டின் குறும்படம் 2014-இல் ‘தி பாபடூக்’ ஆனது. பெரும்பணம் ஆஸ்திரேலியாவின் திரைப்பட நிதி அமைப்புகளிடமிருந்து வந்தது. அரங்க வேலைகளுக்காக இணையத்தில் மக்களிடம் 30,000 டாலர் திரட்டினார்கள். படத்தின் கதையில், பிரசவ வலியெடுத்த மனைவியை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போகும் வழியில் கணவன் இறந்துபோகிறான். அதனால் மகன் பிறந்த நாளும் அப்பா செத்த நாளும் ஒன்று. அந்த நாளில் அவள் மகனுக்குப் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. இந்த ஒரு விவரம் போதும், வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. முடிவில் அவள் பூதத்தைக் கொல்வதில்லை. கணவனின் பொருட்கள் கிடக்கும் நிலவறையில் அது இருக்கிறது. தோட்டத்தில் பொறுக்கிய மண்புழுக்களைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் படியிறங்குகிறாள். அது சீறுகிறது, குழந்தையைத் தேற்றுவதுபோல் தேற்றிவிட்டு மேலே வருகிறாள். துக்கம் போகாது, அதற்குத் தீனி போட்டு வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும் என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய காட்சி வேறொன்று என் நினைவில் இல்லை.

இதே படத்தின் இன்னொரு செய்தியைக் குறும்படம் எடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மகனாக நடித்த நோவா வைஸ்மனுக்கு அப்போது ஆறு வயது. தாய் அவனை மிகக் கொடுமையான சொற்களால் திட்டும் இடங்களில், அவளுடைய முகத்தை எடுக்கும்போது சிறுவன் எதிரே இல்லை. பெரியவர் ஒருவர் அவன் உயரத்துக்கு முழங்காலிட்டு நின்று அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டார். நண்பர் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து, நிஜ அழுகை வேண்டுமென்று அதைப் பயமுறுத்தி எடுப்பதைத் திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி எடுத்த அழுகை திரையில் நிற்கும். பயம் அந்தப் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும்.

இரண்டு குறும்படங்களும் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. உங்கள் திரைக்கதையை எழுதி முடிப்பதற்குள் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். ‘மான்ஸ்டர்’ இரண்டாவதாக இருக்கட்டும்.