வீட்டுக் கணினி ஏன் மெதுவாகிறது?



பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், மலைக்கு அப்பால் இருப்பது பாலிக் புலாவ். மலாய் மொழியில் அப்பெயருக்குத் தீவின் பின்புறம் என்பது பொருள். ஜாதிக்காய், கிராம்பு, டுரியான், ரப்பர் என்று மண்ணை நம்பி வாழ்ந்த ஊர் அது. மலைக்கு இந்தப் பக்கம், கிழக்கே, பாயான் லெப்பாஸ் இருக்கிறது. நம் வீட்டு மேசையில் உள்ள கணினியின் வரலாற்றில் இந்தப் பாயான் லெப்பாசுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், கணினி மெதுவாகும்போது என்ன செய்வது என்பதும் நமக்கு விளங்கும்.

1969 இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அப்போது முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூ அந்நியத் தொழிற்சாலைகளை நாடினார். 1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் நிறுவியது. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி வேலைக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். ஆகவே, கணினி நமக்கு அந்நியப் பொருள் அன்று. அதன் உறுப்புகளில் இந்நாட்டு உழைப்பாளிகளின் கைபட்டிருக்கிறது.

வீட்டுக் கணினி ஏன் மெதுவாகிறது? வயதாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். ஆனால் மனிதரைப் போலக் கணினிக்கு மூப்பு வருவதில்லை. நாம் அதன் மேல் ஏற்றும் சுமைதான் கூடுகிறது. 1981 இல் ஐ.பி.எம். வெளியிட்ட வீட்டுக் கணினி, குறைந்த அளவாக 16 கிலோபைட் நினைவகத்தோடு விற்பனைக்கு வந்தது. 1995 இல் வந்த விண்டோஸ் குறைந்தது 4 மெகாபைட் கேட்டது. 2001 இல் வந்த எக்ஸ்.பி. 64 மெகாபைட் கேட்டது. 2009 இல் வந்த விண்டோஸ் 7 ஒரு கிகாபைட் கேட்டது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைட். இவையெல்லாம் மிகக் குறைந்த அளவுகள். தாராளமாக வேலை செய்ய இன்னும் வேண்டும்.

நினைவகம் போதாதபோது கணினி என்ன செய்கிறது? மிஞ்சியதை வட்டில் கொண்டுபோய் வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. அடுப்படியில் இடமில்லாமல் ஒவ்வொரு பிடி அரிசிக்கும் கொல்லைப்புறக் கொட்டகைக்கு நடப்பது போன்றது இது. அந்த நடைதான் நாம் காணும் தாமதம்.

வட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956 இல் ஐ.பி.எம். செய்த முதல் வன்வட்டில் ஐம்பது தட்டுகள் சுழன்றன. அது கொண்டது ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துகளே. வீட்டுக் கணினியில் இருக்கும் வன்வட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன் முள் தகவலைத் தேடி நகர்வதற்கே நேரம் செல்லும். சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டில் அந்தத் தேடல் இல்லை. காலம் மாறியதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தன் வன்வட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018 இல் அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்கியது.

2000 ஆம் ஆண்டில், கணினி வாங்க ஊழியர் சேம நிதியிலிருந்து பணம் எடுக்கும் திட்டம் இருந்தது. உழைத்துச் சேர்த்த பணம் அப்படித்தான் பல வீடுகளில் கணினியாயிற்று. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினி இல்லாத வீட்டிலும், இருந்தும் அசையாத வீட்டிலும், பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. எனவே கணினியைப் பேணுவது குடும்பப் பொறுப்பு.

முதலில் நோயை அறிவோம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். நினைவகம் நிரம்பியிருக்கிறதா, வட்டு ஓயாமல் உழைக்கிறதா என்பதை அதில் காணலாம். கணினியைத் திறந்தவுடன் தாமாக ஓடத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை அங்கேயே நிறுத்தலாம். வட்டு நிரம்பி வழியாமல் இடம் விட்டு வைக்க வேண்டும். காற்றாடியில் தூசி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றலாம்.

இவை போதாவிட்டால், நினைவகத்தைக் கூட்டலாம். வன்வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். எல்லாக் கணினியிலும் இது இயலாது. கடைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கு முன் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். வேகம் கூட்டித் தருவோம் என்று திரையில் தானாகத் தோன்றும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்தது. அதனால் கைவிடப்பட்ட கணினிகள் பலவற்றில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிப் பயன்படுத்தலாம்.

கத்தி மழுங்கிவிட்டது என்பதற்காகப் பால்மரம் சீவுகிறவர் அதைத் தூக்கி எறிவதில்லை, தீட்டிக்கொள்கிறார். புதுக் கணினிக்குத் தவணை கட்ட முன்வருமுன், இருப்பதற்கு எது குறை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம். பார்த்துத் தெரிந்துகொள்வதும் அவர்களுக்கு ஒரு பாடந்தான்.