கனியும் நிழற்படமும்

நிழற்படம் கலையோ, கருவித்தொழிலோ என்னும் வினா 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டாரிடையே பெரிதும் விவாதிக்கப் பெற்றது. அவ்வினாவிற்கு விடை காண, கனிகளைப் பொருளாகக் கொண்ட படங்கள் நல்ல சான்றாக உதவுகின்றன. இங்கிலாந்து நாட்டார் இருவர்தம் படங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஃபாக்ஸ் டால்பட் என்பார் 1841இல் கலோடைப் என்னும் முறைக்குத் தனியுரிமை பெற்றவர். 1844 முதல் 1846 வரை அவர் ஆறு பகுதிகளாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூலில் 24 படங்கள் உள. அவற்றுள் இறுதியில் நிற்பது, கூடைகளில் வைத்த கனிகளின் படமாகும். அதற்கு அவர் வரைந்த உரையோ கனிகளைப் பற்றியதன்று. ஒரு மூலத்தினின்று எத்துணைப் படிகள் எடுத்தல் கூடும் என்பதனையே விளக்குவது. உரையை மட்டும் நோக்குவார்க்கு, டால்பட் கருதிய சிறப்புப் படியெடுக்கும் ஆற்றலே எனத் தோன்றும். ஆயின், விரித்த துணியும் அதன்மேல் அமைந்த கூடைகளும் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் மரபினை நினைவூட்டுகின்றன. உரை கருவியைப் பேச, படம் கலையைப் பேசுகின்றது.

அசையாமையால்தான் கனி தேர்ந்துகொள்ளப் பட்டது என்பாரும் உளர். தொடக்க கால முறைகளுக்கு நெடுநேர ஒளி வேண்டியிருந்தமையின், அக்கூற்று ஓரளவு பொருந்தும். எனினும், அதுவே முழுக்காரணம் ஆகாது. ரோஜர் ஃபென்டன் 1855இல் கிரிமியப் போர்க்களம் சென்று படைவீரர்களைப் படம் எடுத்தவர். மாந்தரைப் படமாக்கும் திறன் கைவரப் பெற்றவர். அவரே 1860இல் திராட்சை, அன்னாசி முதலிய கனிகளை அடுக்கிப் பல படங்கள் எடுத்தார். எனவே, அவர் கனியை நாடியது இயலாமையால் அன்று. விருப்பத்தால் என்பது தெளிவு.

ஃபென்டன் கையாண்டது, 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. அதில் தகட்டின் ஈரம் உலருமுன் படமெடுத்து முடித்தல் வேண்டும். நீலத்தை வெண்மையாகவும், சிவப்பையும் மஞ்சளையும் கருமையாகவும் காட்டுவது அத்தகடு. கனிக்கு அழகு தரும் நிறம் இங்கே பயன்படாது. ஆதலின், திராட்சைத் தோலின் மென்பூச்சு, அன்னாசியின் கரடுமுரடு, ஒளிநிழல் ஆகியவற்றைக் கொண்டே சுவையை உணர்த்த வேண்டியவரானார். எதனை எதனருகே வைப்பது, ஒளி எப்பக்கம் விழுவது என்பனவற்றைக் கருவி முடிவு செய்யாது. கலைஞன் உள்ளமே முடிவு செய்யும்.

எனினும், 1862இல் இலண்டனில் நிகழ்ந்த அனைத்துலகப் பொருட்காட்சியில் நுண்கலைப் பகுதியில் நிழற்படத்திற்கு இடம் கிடைத்திலது. அவ்வாண்டிலேயே ஃபென்டனும் தம் கருவிகளை விற்று, இக்கலையை விட்டு நீங்கினார். இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை கொண்டு, ஒன்றை மற்றொன்றற்குக் காரணம் எனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. ஆயினும், கருவியை நோக்கிக் கலையை மறுத்த அம்முடிவு பொருந்தாது என்பதனை அவர்தம் கனிப்படங்களே காட்டும்.

1916இல் அமெரிக்கராகிய பால் ஸ்ட்ராண்ட் பேரிக்காயும் கிண்ணங்களும் கொண்டு எடுத்த படத்தில், பொருளினும் வடிவமே முதன்மை பெற்றது. மூவர் படங்களையும் ஒருங்கு நோக்கின், கனி ஒன்றே. கண்ட கண்கள் வேறு என்பது புலனாகும். அவ்வேறுபாடே கலைக்குச் சான்று எனக் கொள்வதில் தடையில்லை.