ஐன்ஸ்டைன் கோட்பாட்டைச் சோதித்த காசினி: சூரியனின் அருகே கடந்த ரேடியோ அலைகள் சொன்னது என்ன?

சனிக் கோளை ஆராய அனுப்பப்பட்ட காசினி விண்கலம், அங்கு சென்றடைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மற்றொரு முக்கியப் பணியை முடித்தது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டை அதுவரை எட்டப்படாத துல்லியத்துடன் சோதித்ததே அப்பணி. இதில் கேமராக்களுக்குப் பங்கில்லை. விண்கலத்தின் ரேடியோ கருவியும் 4 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவும் மட்டுமே பயன்பட்டன.

சூரியனைப் போன்ற நிறைமிக்க பொருளின் அருகே காலமும் வெளியும் வளைவதாக அக்கோட்பாடு கூறுகிறது. எனவே சூரியனை ஒட்டிச் செல்லும் ஒளியும் ரேடியோ அலையும் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். இதை அளந்து பார்க்கலாம் என்று 1964-ம் ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் இர்வின் ஷாபிரோ யோசனை தெரிவித்தார். போய்த் திரும்பும் அலைக்கு அவர் கணித்த தாமதம் சுமார் 200 மைக்ரோ வினாடி. அதாவது ஒரு வினாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளி, புதன் கோள்களில் பட்டுத் திரும்பிய ரேடார் அலைகளில் முதலில் இது உறுதியானது. பின்னர் செவ்வாய்க்குச் சென்ற வைக்கிங் விண்கலங்கள் பிழையை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தன.

அதற்கு மேல் முன்னேறத் தடையாக நின்றதும் சூரியனே. அதன் வெளி வளிமண்டலமான கொரோனாவில் உள்ள மின்னூட்டத் துகள்களும் ரேடியோ அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், ஈர்ப்பின் விளைவை அதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஈர்ப்பு எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் பாதிக்கிறது. துகள்களோ குறைந்த அதிர்வெண்ணையே அதிகம் பாதிக்கின்றன.

இத்தாலிய விஞ்ஞானிகள் புருனோ பெர்டோட்டி, லூசியானோ இயெஸ், பாவ்லோ டோர்டோரா ஆகியோர் இந்த வேறுபாட்டையே பயன்படுத்தினர். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்துக்கும் காசினிக்கும் இடையே எக்ஸ் பேண்ட், கேஏ பேண்ட் என்ற இரு அலைவரிசைகளில் மூன்று இணைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றை ஒப்பிட்டபோது கொரோனாவின் தாக்கத்தை ஏறக்குறைய முழுமையாக நீக்க முடிந்தது. கோல்ட்ஸ்டோனுக்கு மேலே காற்றிலிருந்த நீராவியின் தாக்கம்கூடத் தனியாக அளந்து கழிக்கப்பட்டது.

2002-ம் ஆண்டு ஜூன் 21-ந்தேதி வாக்கில் பூமி, சூரியன், காசினி ஆகியவை கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வந்தன. ரேடியோ அலைகள் சூரியனின் மையத்திலிருந்து சுமார் 11 லட்சம் கி.மீ. தொலைவில் கடந்தன. அவை போய்த் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. தாமதத்தை நேரடியாக அளப்பதற்குப் பதிலாக, அது நாள்தோறும் மாறுவதால் அலையின் அதிர்வெண்ணில் உண்டாகும் நுண்ணிய மாற்றத்தை ஆய்வுக் குழு ஒரு மாத காலம் பதிவு செய்தது. கடந்து செல்லும் ரயிலின் ஊதல் ஒலி மாறுவதற்கு இதை ஒப்பிடலாம்.

முடிவுகள் 2003 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியாயின. நிறை, வெளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் குறிக்கும் காமா என்ற எண், ஐன்ஸ்டைன் கோட்பாட்டின்படி சரியாக 1 ஆகும். காசினி அளந்த மதிப்பு 1.000021, பிழை வரம்பு 0.000023. ஐன்ஸ்டைன் வென்றார் என்று கூறுவதைவிட, மாற்றுக் கோட்பாடுகளுக்கான இடம் சுருங்கியது என்பதே பொருத்தம். காமா 1-லிருந்து மிகச் சிறிதளவு விலகும் என்று கணிக்கும் கோட்பாடுகள் உள்ளன. அவற்றுள் சில கூறும் விலகல், காசினியின் பிழை வரம்பைவிடவும் சிறியது.

சோதனையைக் காசினியிலேயே தொடர வழியில்லாமல் போனது. அதன் கேஏ பேண்ட் கருவி சனியை அடையும் முன்பே பழுதடைந்தது. புதன் கோளுக்காக 2018 அக்டோபரில் ஏவப்பட்ட பெபிகொலம்போ விண்கலத்தில் அதே பல அலைவரிசை முறை இடம்பெற்றுள்ளது. காமாவை மேலும் துல்லியமாக அளப்பது அதன் ரேடியோ சோதனையின் இலக்குகளில் ஒன்று. அச்சோதனைக்குத் தலைமை வகிப்பவரும் இயெஸ்தான்.