கழுத்தைச் செதுக்கிய கைகள்

1950களில் செய்யப்பட்ட சில ஃபெண்டர் கித்தார்களில், கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகளைக் கழற்றினால், கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய இரண்டு எழுத்துகள் தெரியும்: டி.ஜி. பக்கத்தில் ஒரு தேதி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் கழுத்துகளைச் செதுக்கிய தடேயோ கோமஸ் இட்ட அடையாளம் அது. கித்தார் வரலாறு என்றதும் லியோ ஃபெண்டர், லெஸ் பால், ஹென்ட்ரிக்ஸ் என்றுதான் ஆரம்பிப்போம். ஆனால் இடது உள்ளங்கையில் வந்து உட்காரும் அந்த வளைவை, கடைசி மில்லிமீட்டர் வரை தீர்மானித்தது இந்த மாதிரி ஆட்களின் மணிக்கட்டுதான். ஒரே ஆண்டில் வந்த இரண்டு கித்தார்கள் கைக்கு வேறு வேறாகத் தெரிவது அதனால்தான்.

லியோவுக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. வானொலி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கழுத்தை அவர் ஓர் உதிரிப்பாகமாகவே பார்த்தார். கெட்டுப்போச்சா, கழட்டிட்டு வேற மாட்டு. 1950இல் செய்த முதல் கித்தார்களின் கழுத்துக்குள் இரும்புக் கம்பிகூட இல்லை. மேப்பிள் மரம் தாங்கும் என்று நம்பினார். விரைவிலேயே கம்பி உள்ளே போனது. ஆரம்பக் கழுத்துகள் தடியானவை. 50களின் நடுவில் முதுகு படகின் அடிப்பாகம் போல லேசாகக் கூர்மையானது. 60களில் மெலிந்து உருண்டது.

1970இல் நாஷ்வில்லில் எரிக் கிளாப்டன் சில பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கினார். நண்பர்களுக்கு மூன்றைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தின் நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’ என்ற கறுப்புக் கித்தாரை உருவாக்கினார். அதன் கழுத்து அந்தக் கூர் முதுகு வகை. 1988இல் ஃபெண்டர் அவர் பெயரில் வெளியிட்ட மாடலிலும் அதே முதுகுதான். எப்போதோ ஒரு தொழிலாளி அரத்தால் தேய்த்த வடிவம், இன்று கணினியில் இயங்கும் இயந்திரத்துக்கு அளவாகிவிட்டது.

கிப்சன் வேறு உலகம். கழுத்தைத் திருகாமல் ஒட்டுவார்கள். தந்தி அதிரும் நீளம் ஃபெண்டரில் 25½ அங்குலம், லெஸ் பாலில் 24¾. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். விரல் அதை உடனே கண்டுபிடிக்கும். பழைய ஃபெண்டரின் விரற்பலகை 7¼ அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்தது. கார்டு பிடிக்க சுகம். மேல் ஸ்தாயியில் தந்தியை வளைத்து இழுத்தால் சத்தம் செத்துவிடும். கிப்சனுடையது 12 அங்குலம், தட்டையானது, இழுப்புக்கு இடம் கொடுக்கும். (வீணையில் மெழுகின் மேல் உயர்த்திய மெட்டுகள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. ‘சக்தி’ குழுவுக்காக ஜான் மெக்லாஃப்லின் கித்தார் பலகையை மெட்டுகளுக்கிடையே குழியாகச் செதுக்கவைத்ததும் இதே தேவைக்குத்தான்.)

எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் உண்டு. எல்லாக் கையும் ஒரே அளவில்லை என்பது ஃபெண்டருக்கு 1956லேயே தெரியும். அந்த ஆண்டு வந்த மியூசிக்மாஸ்டரிலும் டுவோ-சோனிக்கிலும் தந்தி நீளம் 22½ அங்குலம்தான். ஆனால் விற்றது மாணவர்க் கித்தார் என்று: விலை குறைவு, வசதிகளும் குறைவு. சின்னக் கை என்றால் கத்துக்குட்டி என்று அர்த்தமாகிவிட்டது. வளர்ந்த பெண்ணுக்கோ என்னைப்போல் குட்டை விரல்காரனுக்கோ, ‘நிஜக்’ கித்தார் என்றால் 25½தான். கை எட்டவில்லையா, இன்னும் சாதகம் பண்ணு என்பார்கள். கடையில் இன்றைக்கும் இந்தப் பேச்சு உண்டு.

24 அங்குல மஸ்டாங் 1964இல் வந்தபோதும் அது மாணவர் வரிசையில்தான் நின்றது. பிறகு இந்தக் கித்தார்களெல்லாம் பழைய சாமான் விலைக்கு இறங்கின. 1991இல் நிர்வாணாவின் வீடியோவில் கர்ட் கோபேன் கையில் இருந்தது அப்படியொரு மஸ்டாங். அதற்கப்புறம் அதன் விலை ஏற ஆரம்பித்தது. கழுத்து மட்டும் அதே கழுத்துதான்.