இரண்டு பலகை, ஒரு பட்டம்

சென்ற ஆடியில் பேரன் வந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன்; பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவன். திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் முதலில் மலையைப் பார்ப்பார்கள். இவன் மொட்டை மாடிக்குப் போய் ஈர விரலைத் தூக்கிப் பிடித்து, "பன்னிரண்டு நாட் இருக்கும் தாத்தா" என்றான். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் வேகம்.

அவன் போக வேண்டிய இடம் ராமேஸ்வரம். கைட் சர்ஃபிங் விளையாட. மூட்டையில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று அலையில் ஏறும் சாதாரண சர்ஃப் பலகை. மற்றதன் அடியில் ஒரு கம்பம், அதன் நுனியில் குட்டி விமானம் போல இறக்கைகள். தண்ணீருக்குள் அந்த இறக்கை ஓட ஓட, பலகை நீரைவிட்டு மேலே எழும்புமாம். பட்டம் மட்டும் ஒன்றுதான், பன்னிரண்டு சதுர மீட்டர், பழசு, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. புதுசு வாங்க நான் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு பலகைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பட்டம் வேண்டும், எது வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

"ஏங்க, ஒரே பேரன். கடல்ல தூக்கிட்டுப் போயிடும்னு சொல்றாங்க. நீங்களே காசும் குடுக்கணுமா?" என்றாள் என் மனைவி. பதில் சொல்லும் முன் விஷயத்தைப் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு வேறு வழி தெரியாது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். பட்டத்துக்கு அங்கே 'செர்-வொலான்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பறக்கும் கலைமான். மானுக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே விழித்தேன். பாம்பைக் குறிக்கும் பழைய சொல்தான் மருவிப்போய் மானானது என்பார்கள். நீண்ட வாலைப் பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது.

பட்டத்தைப் பிடித்துச் சவாரி போகும் ஆசை புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர் 1826-ல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். சுங்கச் சாவடியில் குதிரைக் கணக்கில்தான் வரி. இந்த வண்டிக்குக் குதிரையே இல்லாததால் வரியில்லாமல் போனதாக ஒரு கதை உண்டு. சாவடியில் இருந்த குமாஸ்தாவின் நிலைமையை நினைத்துச் சிரித்தேன். இவருடைய மகள்தான் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் தாயார். பிறகு 1903-ல் சாமுவேல் கோடி பட்டம் இழுத்த படகில் பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

நீருக்கடி இறக்கையின் கதை வேறு. இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-ல் அப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சின்ன இறக்கையே ஆளைத் தூக்கிவிடும். பலகை நீரைவிட்டு எழுந்தபின் உராய்வும் குறைந்துபோகும்.

என்னை அதிகம் பிடித்து வைத்தவர் தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல். கனடாவில் பிரா டோர் ஏரிக்கரையில் அவருக்கு வீடு. 1907 டிசம்பரில் அந்த ஏரியில் ஒரு நீராவிப் படகு இழுக்க, அவருடைய ராட்சதப் பட்டம் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரியைச் சுமந்துகொண்டு மேலே போனது. அதே ஏரியில் 1919 செப்டம்பரில் அவருடைய நீர்-இறக்கைப் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை படைத்தது. ஒரே மனிதர், ஒரே ஏரி, பட்டமும் இருக்கிறது, இறக்கையும் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடவில்லை! இரண்டு கோப்பும் ஒரே மேஜையில் கிடந்தும் சேர்த்துப் பார்க்காமல் விட்ட அனுபவம் எனக்கும் உண்டு என்பதால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தடையாக இருந்தது ஒன்றுதான். தண்ணீரில் விழுந்த பட்டம் மீண்டும் எழாது. அதைத் தீர்த்தவர்கள் பிரெத்தாஞ் கடற்கரைக்காரர்களான புரூனோ, டொமினிக் லெகேஞூ சகோதரர்கள். பட்டத்தின் முன்விளிம்பைக் காற்றடைத்த குழாயாகச் செய்தார்கள். மிதக்கும், கரையேறாமலே மறுபடி பறக்கும். 1984 நவம்பரில் காப்புரிமை கேட்டார்கள். அது விண்ட்சர்ஃபிங் கொடிகட்டிப் பறந்த காலம். கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. விபிகா என்ற பெயரில் தாங்களே செய்து விற்கும்படி ஆனது. 1997-க்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

என் மனைவியின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆரம்பகாலப் பட்டங்களில் இழுவையை முழுதாக அணைக்க முடியாது. திடீர்க் காற்றில் ஆளைத் தூக்கிச் சுவரில் அடித்து உயிர்ப்பலிகள் நடந்தன. 2005 வாக்கில் அதே சகோதரர்களின் வில் வடிவப் பட்டம் வந்தது. கைப்பிடியைத் தள்ளினால் இழுவை ஏறக்குறைய அடங்கிவிடும். இதை அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

இனிப் பேரன் கேள்வி. அவனுக்கு மறுபடியும் பன்னிரண்டு மீட்டரே வேண்டும் என்றிருந்தது. ஒன்பது போதும் என்றேன். நீர்-இறக்கைப் பலகைக்கு உராய்வு குறைவு, இழுவையும் குறைவாகப் போதும். அவன் எடைக்குப் பன்னிரண்டு நாட் மென்காற்றிலேயே ஒன்பது மீட்டர் ஓட்டிவிடும். சர்ஃப் பலகையை எடுப்பது இருபது நாட் அடிக்கும்போது. அதற்கும் அளவு அந்த ஒன்பதுதான். இரண்டு பலகை, இரண்டு வகைக் காற்று, பட்டம் ஒன்றே.

அளவைவிட முக்கியம் நூல் தளரும்போது பட்டம் என்ன செய்கிறது என்பது. அலையில் இறங்கும்போது ஆள் பட்டத்தை நோக்கியே ஓடுகிறான். நீர்-இறக்கையில் வேகம் கூடி, திரும்பும்போதும் அப்படித்தான். நூல் தொய்ந்ததும் கனமான பட்டம் தொப்பென்று விழும். லேசான பட்டம் காற்றோடு பின்வாங்கி மிதக்கும். அவனுடைய பழைய பட்டத்தில் குறுக்குக் குழாய் ஐந்து; கனம். குழாயே இல்லாதது லேசு, ஆனால் பலத்த காற்றில் துணி படபடக்கும். ஒலிம்பிக்கில் 2024-ல் மார்செய்யில் பறந்தவை காற்றுக் குழாய் இல்லாத, அறை அறையாகத் தைத்த பட்டங்கள். பந்தயத்துக்கு அற்புதம், அலையில் விழுந்தால் உள்ளே தண்ணீர். ஆகவே மூன்று குழாய், ஒன்பது மீட்டர். குறிப்பு முடிந்தது, கையெழுத்தும் போட்டேன்.

"தாத்தா, நீங்க கடல்ல காலே வெச்சதில்லையே!" என்றான். உண்மைதான். ஆனாலும் அதையே வாங்கினான்.

தனுஷ்கோடிப் பக்கம் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்காற்றுக் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் தட்டையாகக் கிடக்கும். சர்ஃப் பலகைக்கு அது, இறக்கைப் பலகைக்கு இது. ஆனால் பெண்கடல் பக்கம் அந்தக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். கம்பம் தரைதட்டாமல் இருக்க ஆழத்துக்கும் போக வேண்டும். காவல் படகு இல்லாமல் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தேன். பதினோரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. ஒருநாள் ஆறே முக்காலுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.

பழைய பட்டத்தை இங்கேயே விட்டுப் போனான். குழாய்களைப் பிரித்துவிட்டு, இந்தப் பங்குனியில் மனைவி அதை மாடியில் விரித்து வடாம் பிழிந்தாள். காற்றுக்குப் பறந்துவிடாமல் நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தாள்.