நெய்யாற்றின்கரைத் துப்பாக்கிச் சூடுகளும் ஹவானா விதிகளும்

காவல்துறையை யார் ஆள்கிறார்கள் என்பதைவிட அது யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே முக்கியம். இதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து வரலாறே போதிய சான்று. 1938 ஆகஸ்ட் 31 அன்று ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளை கைதானதும் நெய்யாற்றின்கரையில் மக்கள் திரண்டனர். திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியில் சமஸ்தானப் படை சுட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் மாண்டனர். மன்னராட்சியில் அப்படித்தான் இருக்கும் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த ஸ்டேட் காங்கிரஸை முன்னின்று நடத்திய பட்டம் தாணுப் பிள்ளையே பிரஜா சோஷலிஸ்ட் முதல்வராக இருந்தபோது, 1954 ஆகஸ்ட் 11 அன்று, பாறசாலைக்குத் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டவர்கள்மீது அது நடந்தது. 1959 ஜூனில், கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். ஆட்சியில், நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோர ஊரான புல்லுவிளையிலும் போலீஸ் சுட்டது. தொழிலாளர் போராட்டங்களை ஒடுக்கப் போலீஸை ஏவ மாட்டோம் என்று அறிவித்து வந்த அரசு அது!

கூட்டம் அத்துமீறியதால்தான் சுட நேர்ந்தது என்பது இத்தகைய சம்பவங்களில் அரசுகளின் வாடிக்கையான பதில். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் சுட்டவர்களே அதற்குச் சாட்சியும் நீதிபதியுமாக இருக்க முடியாது. காவலுக்கு ஐ.நா. விதி வகுப்பது வெளியார் தலையீடு என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் எனக்கு உடன்பாடில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றிச் சுடக்கூடாது, சுட்டால் தனி விசாரணை வேண்டும் என்கின்றன 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. விதிகள். 36 ஆண்டுகளுக்கு முன்பே, மார்த்தாண்டம் சம்பவத்துக்காகத் தன் கட்சி அரசே பதவி விலக வேண்டும், நீதி விசாரணை வேண்டும் என்று சிறையிலிருந்து தந்தி அடித்தார் பிரஜா சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. கட்சி அவர் பேச்சைக் கேட்கவில்லை. உலக நாடுகள் கூடி எழுதிய விதியின் சாரம் இந்த மண்ணில் விழுந்த பிணங்களை முன்வைத்து ஏற்கெனவே கேட்கப்பட்டதுதான்.

சுட்டவர்களே நீதிபதியாகாமல் புகாரை விசாரிக்க இன்று ஒரு வழி உண்டு. காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு வந்த 2011ஆம் ஆண்டு கேரள போலீஸ் சட்டம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் புகார் ஆணையங்களுக்கு வழி செய்தது. டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள்மீதான புகாரை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் கொடுக்கலாம். பாறசாலைக்காரர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.